நான்காம் யாச்சியோவின் வாழ்க்கையும் கியோட்டோவில் நான் கற்ற நடனமும்

ஜப்பானிய மரபு நடனம் கற்க ஆசையாக இருக்கிறது, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்தவுடன் வகுப்பு முகவரி கொடுப்பதில்லை. நான்காம் இனோவே யாச்சியோ என்ற நடனக் கலைஞர் எப்படி வாழ்ந்தார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். 1905இல் கியோட்டோவில் பிறந்து, 2004இல் தம் 98ஆம் வயதில் மறைந்தவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. நான் கற்பதும் அவருடைய பள்ளியில் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு நடன வகுப்பு ஏன் இப்படி நடக்கிறது, ஆசிரியை ஏன் எதையும் விளக்கிச் சொல்வதில்லை, ஒரே அடவை ஏன் மாதக்கணக்கில் ஆட வைக்கிறார் என்பதெல்லாம் அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் மயிலாப்பூரில் பரதம் கற்றேன். வேலைக்காகக் கியோட்டோ வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். வாரத்தில் ஒரு மாலை, 'கமிகத்தா' என்று இந்தப் பகுதியில் வழங்கும் நடன மரபில் வந்த ஒரு மூத்த ஆசிரியையிடம் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள சில தமிழ்க் குழந்தைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் மாணவி, இன்னொரு பக்கம் டீச்சர். யாச்சியோவின் வாழ்க்கை இரண்டு பக்கத்துக்கும் பயன்பட்டது.

யாச்சியோ என்பது கியோட்டோவின் இனோவே நடனப் பள்ளியின் தலைமைக்கு வருபவர் ஏற்கும் பெயர். நான்காமவரின் இயற்பெயர் ஒகமோத்தோ ஐக்கோ. அந்தப் பள்ளியின் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. சிறுமியாக மூன்றாம் யாச்சியோவிடம் சேர்ந்து, பிறகு குருவின் வீட்டோடு தங்கிப் பயின்றவர். நம் குருகுலம் மாதிரிதான்: வீட்டு வேலையும் உண்டு, மற்ற மாணவிகளுக்கு நடக்கும் பாடத்தை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. பாதிப் பாடம் அந்த ஓரத்தில்தான் கிடைக்கிறது என்று இங்கே பழைய ஆசிரியைகள் எல்லோருமே சொல்கிறார்கள்.

அந்த மூன்றாம் யாச்சியோ சாதாரணப்பட்டவர் இல்லை. 1838இல் பிறந்து 1938 வரை, ஒரு நூற்றாண்டு வாழ்ந்தவர். 1869இல் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட, ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த கியோட்டோ களையிழந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த 1872இல் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதற்குக் கூட்டம் சேர்க்க, கியோன் பகுதியின் கெய்கோக்களும் (விருந்துகளில் ஆடிப் பாடும் தொழில்முறைக் கலைஞர்கள்) மைகோக்களும் (அவர்களிடம் பழகும் இளம்பெண்கள்) பொதுமக்கள் முன்னால் ஆட வேண்டும் என்று முடிவாயிற்று. அதுவரை அவர்களுடைய ஆட்டம் தேநீர் விடுதியின் உள்ளறையில் சில விருந்தினர்களுக்கு மட்டும் ஆடப்பட்டு வந்தது. ஒருவரோ இருவரோ ஒரு தத்தாமிப் பாய் அளவுக்குள் ஆடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு, இசே நகர்ப் பக்கம் ஆடப்பட்ட ஒரு குழு ஆட்டத்தின் அமைப்பையும் சேர்த்து, வரிசை வரிசையாகப் பெண்கள் ஆடும் பெரிய நிகழ்ச்சியாக மாற்றியவர் அவர். அதுதான் 'மியாக்கோ ஒதோரி'. இன்றும் ஏப்ரல் மாதம் முழுக்க நடக்கிறது. கியோன் கோபு வட்டாரத்தில் அன்றிலிருந்து இனோவே பள்ளி மட்டும்தான் நடனம் கற்பிக்கிறது.

ஐக்கோ சேர்ந்தபோது இந்தக் குருவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. துள்ளுகிற உடம்பைப் பார்த்து அவர் கற்கவில்லை. எழுபது, எண்பது, தொண்ணூறு என்று வயது ஏற ஏற, தேவையில்லாத அசைவு ஒவ்வொன்றாக உதிர்ந்து போன ஓர் உடம்பைப் பார்த்துக் கற்றார். நான்காம் யாச்சியோ ஆடிய பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தால் இது தெரியும். கை உயர்வது தெரிகிறது, உயர்த்தும் முயற்சி தெரிவதில்லை. என் ஆசிரியைக்கும் எழுபதுக்கு மேல். வயதான ஆசிரியையிடம் சேர்ந்தால் வேகமான உருப்படிகளைச் சரியாகக் காட்ட மாட்டாரோ என்று யாராவது தயங்கினால், தயங்காமல் சேருங்கள் என்பேன். வேகத்தை யாரிடமும் கற்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர்களிடம்தான் கற்க முடியும்.

குருவின் பேரனான கத்தயாமா ஹிரோமிச்சி என்ற, 'நோ' எனும் பழைய முகமூடி நாடகக் கலைஞரை ஐக்கோ மணந்தார். ஒரே வீட்டில் ஒரு பக்கம் நோ, இன்னொரு பக்கம் இனோவே பள்ளியில் பெண்கள் மட்டுமே ஆடும் 'கியோமாய்', அதாவது கியோட்டோ நடனம். இனோவே ஆட்டத்தில் நோவின் சாயல் அதற்கு முன்பே, இரண்டாம் யாச்சியோ காலத்திலேயே வந்துவிட்டது. புன்ராக்கு பொம்மலாட்டத்தின் சாயலும் அப்படித்தான். முகம் அசையாது. இடுப்பு தாழ்ந்திருக்கும். திரும்பும்போது பொம்மை திரும்புவது போல ஒரு கணம் நின்று திரும்பும். பரதம் கற்ற எனக்கு இந்த அசையாத முகம் ஆரம்பத்தில் பெரிய வேதனை. சோகம் என்றால் புருவம் தானாக நெளியும், உதடு துடிக்கும். அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். இங்கே சோகத்தைக் கழுத்தின் சாய்விலும் விசிறியின் கோணத்திலும் காட்ட வேண்டும். அபிநயம் கற்றவர்களுக்கு என் யோசனை: முதல் சில மாதம் முகத்தை மறந்துவிட்டு, பார்வை எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நிலாவைப் பார்ப்பதா, ஆற்றின் அக்கரையைப் பார்ப்பதா, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பூவைப் பார்ப்பதா என்பது சரியாக இருந்தால் மீதி உணர்ச்சி பார்ப்பவர் மனத்தில் தானாக வந்துவிடுகிறது.

சரி, வாழ்க்கைக் கதைக்கு வருகிறேன். 1938இல் குரு மறைந்தார். ஐக்கோ நான்காம் யாச்சியோ ஆனது 1947இல். இடையில் போர். மியாக்கோ ஒதோரி 1944 முதல் 1949 வரை நடக்கவே இல்லை. 1950இல் திரும்பத் தொடங்கியபோதும் வழக்கமான அரங்கில் நடக்கவில்லை. மினாமிசா என்ற கபுகி அரங்கில் நடந்தது. ஆக, பள்ளியின் தலைமை அவர் கைக்கு வந்த ஆண்டில், அந்தப் பள்ளியின் பெரிய மேடை இல்லை. தோற்றுப்போன நாடு, அரிசிக்கே தட்டுப்பாடு. அந்த நிலையில் நடனப் பள்ளிக்குத் தலைவி என்றால் என்ன அர்த்தம்? பயிற்சி அறை நடக்க வேண்டும் என்பது மட்டும்தான். மேடை திரும்பி வந்தபோது ஆடுவதற்கு ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால் அந்த அறை நின்றுபோகவில்லை என்று பொருள். அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த மூன்று ஆண்டுகள்தான்.

பட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அருங்கலை வல்லவர்களை 'வாழும் தேசியச் செல்வம்' என்று ஜப்பான் அரசு அறிவிக்கத் தொடங்கிய 1955லேயே அவர் பெயர் வந்துவிட்டது. 1990இல் பண்பாட்டு விருது. மகன் ஒன்பதாம் கத்தயாமா குரோவெமோன் நோ நாடகத்துக்காக அதே தேசியச் செல்வ நிலையை அடைந்தார். 2000இல் பேத்தியிடம் யாச்சியோ பெயரை ஒப்படைத்துவிட்டு, இனோவே ஐக்கோ என்று சொந்தப் பெயருக்கே திரும்பினார். 1956இல் பிறந்த அந்தப் பேத்தி, ஐந்தாம் யாச்சியோ, 2015இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார்.

உயிரோடு இருக்கும்போதே பெயரைக் கழற்றிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஊரே அவரை அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தது. நம் ஊரில் ஓர் ஆசிரியர் கடைசிவரை வகுப்பைப் பிடித்துக்கொண்டிருந்து, அவர் போனதும் மாணவிகள் ஆளுக்கொரு பக்கம் சிதறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பெயர் மாற்றத்தை வெறும் சடங்காக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பள்ளியின் குரு சீட உறவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர் 13ஆம் தேதி கியோனுக்கு வாருங்கள். புத்தாண்டு ஏற்பாடுகள் தொடங்கும் நாள் அது. காலையிலேயே கெய்கோக்களும் மைகோக்களும் கிமோனோவில் ஷின்மோன்சென் பக்கம் உள்ள குருவின் வீட்டுக்கு வருவார்கள். உள்ளே ஒரு பக்கத்தில், மாணவிகள் அனுப்பிய வட்ட வட்டமான மோச்சி அரிசிப் பணியாரங்கள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டு மேடை போலப் படிகளில் நிறைந்திருக்கும். ஒவ்வொருவராக முட்டி போட்டுக் குனிந்து வணங்க, குரு ஒரு புது நடன விசிறியை நீட்டி இரண்டு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், அடுத்தவர். அறுபது வயது கெய்கோவும் அதே வரிசை, போன மாதம் வந்த பெண்ணும் அதே வரிசை. கியோனில் 'பயிற்சி முடித்தவர்' என்று யாரும் கிடையாது. எண்பது வயதுக் கெய்கோவும் பாடத்துக்கு வருகிறார். வீட்டுக்குள் நாம் போக முடியாது, ஆனால் தெருவில் நின்று பார்க்கலாம். வழிமறித்துப் படம் எடுக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

அந்த விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடன விசிறி கடையில் விற்கும் காற்று விசிறி கிடையாது. பத்து மூங்கில் சட்டம், நீளம் 29 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தாள் கனமாக இருக்கும், சட்டங்கள் சேரும் அடிப்பகுதியில் சின்னதாக ஈயம் வைத்திருப்பார்கள். அந்த எடை இருப்பதால்தான் விரல் நடுவில் சுழற்றினால் அது தானாக வட்டம் அடித்துக் கைக்குத் திரும்புகிறது. பழக, சாதாரண வெள்ளை அல்லது ஒற்றை நிற விசிறி வாங்குங்கள். தங்கத் தாள் ஒட்டியது வேண்டாம். எப்படியும் முதல் விசிறியின் மடிப்பு ஓராண்டில் கிழிந்துவிடும். சுழற்றிப் பழகும்போது மெத்தைமேல் உட்கார்ந்துகொள்ளுங்கள், கீழே விழுந்தால் சட்டம் உடையாது. முடித்ததும் தாளை மடிப்புப்படி கையால் நீவி மூடி, தாள் வளையம் போட்டு வையுங்கள். கிமோனோவின் கச்சையில் செருகும்போது இடது பக்கம்.

உடம்புக்கு வருவோம். பரதத்தில் அரைமண்டி: முட்டி இரண்டும் வெளியே விரிய வேண்டும். இங்கேயும் இடுப்பைத் தாழ்த்த வேண்டும், ஆனால் முட்டி இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், பெண் பாத்திரத்துக்குக் கால் விரல்கள் லேசாக உள்ளே திரும்பியிருக்க வேண்டும். முதுகு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான், நேராக. பரதம் கற்றவர்கள் இதை எளிது என்று நினைத்து வருவார்கள். தொடையின் வேறொரு தசை வலி எடுக்கும்போதுதான் தெரியும். முட்டிகளுக்கு நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது விழாமல் அறையைச் சுற்றி நடப்பது இங்கே பழைய பயிற்சி. வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நான் அப்படித்தான் நடந்து பழகினேன். பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சின்ன அறையில், விருந்தினர் முகத்துக்கு நேரே ஆடிய ஆட்டம் இது. தூசி கிளம்பக் கூடாது, சுடர் அசையக் கூடாது.

உடையை அலட்சியம் செய்யாதீர்கள். லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு வருகிறேன், பிறகு கிமோனோ வாங்கிக்கொள்கிறேன் என்றால் ஆசிரியை சம்மதிக்கலாம், ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். யுகாதா என்ற மெல்லிய பருத்திக் கிமோனோவைச் சுற்றி ஒபிக் கச்சையைக் கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் அடி வைக்கலாம், கை எவ்வளவு உயரலாம் என்பதைத் துணியே சொல்லிக்கொடுத்துவிடும். பழைய யுகாதா கோயில் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். கியோட்டோவில் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு கோயிலில் 25ஆம் தேதியும் சந்தை கூடும். தபிக் காலுறை மட்டும் புதிதாக, உங்கள் அளவுக்குச் சரியாக, சுருக்கம் விழாத மாதிரி வாங்குங்கள்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்றால், உள்ளே வந்ததும் முட்டி மடக்கி உட்கார்ந்து, மூடிய விசிறியை எனக்கும் ஆசிரியைக்கும் நடுவே குறுக்காக வைத்து, குனிந்து 'யோரோஷிக்கு ஒனெகாய் ஷிமாசு' (தயவுசெய்து கற்றுக்கொடுங்கள் என்பது போல) என்பேன். பிறகு எழுந்துவிடுவோம். அவர் என் எதிரே நின்று ஆடுவார், கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி. அதாவது எனக்கு வலது கை என்றால் அவர் இடது கையைத் தூக்குகிறார், பாட்டையும் பாடுகிறார், ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் இல்லாத இடத்தில் வாயாலேயே 'சின் தொன் ஷான்' என்று அதன் ஒலியைச் சொல்கிறார். நம் நட்டுவாங்கச் சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆனால் இதில் தட்டுக்கழி இல்லை, ஒன்று இரண்டு என்று எண்ணுவதும் இல்லை. ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே எவ்வளவு காத்திருப்பது என்பது அவருடைய மூச்சைப் பார்த்துத்தான். தோள்பட்டை ஏறுவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விளக்கம் கிடையாது. இந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ஆடிக்கொண்டிருங்கள், வரும் என்பார். தப்பு என்றால் 'இன்னொரு முறை'. சரி என்றாலும் பெரும்பாலும் 'இன்னொரு முறை'தான். இனோவே பள்ளியின் கண்டிப்பு இன்னும் பேர்போனது: ஆட்டம் சரியில்லை என்றால் குரு பாடத்தையே நிறுத்தி அனுப்பிவிடுவார், மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அனுமதி வாங்கும்வரை அந்த மாணவிக்குப் பயிற்சி இல்லை. இந்தக் கடுமை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளிடம் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விளக்காமல் கற்பிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அர்த்தம் முன்னாலேயே தெரிந்துவிட்டால் உடம்பு சோம்பிவிடுகிறது, தெரிந்ததை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுகிறது.

வகுப்பில் குறிப்பெடுக்க முடியாது. திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி போய்விடும். நான் படம் வரைய மாட்டேன். பாட்டு வரியை எழுதி, அதன் கீழே எந்தக் கால், பார்வை எங்கே என்று மட்டும் எழுதுவேன். கைபேசியில் பதிவு செய்ய இப்போது பலர் விடுகிறார்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உருப்படி உடம்பில் ஏறிய பிறகு பதிவைப் பார்ப்பதே நல்லது. அதற்கு முன்னால் பார்த்தால், எதிரே ஆடிய ஆசிரியையின் இடது வலத்தையே தலைகீழாகப் பழகிவிடுவோம். முட்டி மடக்கி உட்காருவது நமக்குச் சம்மணம் போல எளிதில் வராது. தினமும் சில நிமிடம் மட்டும் உட்கார்ந்து மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். கால் மரத்துப்போனால் சொல்லிவிடுங்கள், மரத்த காலோடு எழுந்தால் கணுக்கால் பிசகும்.

பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் நான் திறக்கிறேன். மாதக் கட்டணத்தைப் புது நோட்டாக, உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். கோடையிலும் ஆண்டு இறுதியிலும் ஆசிரியைக்குப் பரிசுப் பொருள் தருவதும் பல வகுப்புகளில் உண்டு. இதெல்லாம் தாங்கக்கூடியது. மேடையேறும் விழா வேறு கணக்கு. அரங்க வாடகை, நேரடி இசைக்கலைஞர்கள், உடை, பொய்முடி, ஒப்பனை என்று செலவு ஆடுகிற மாணவியின் தலையில்தான் விழும். பெரிய உருப்படி என்றால் லட்சக்கணக்கான யென் ஆகிவிடும். நம் ஊர் அரங்கேற்றச் செலவு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பள்ளியின் பெயரைச் சேர்த்து ஒரு நடனப் பெயர் பெறுவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. சேரும் முன்பே, விழாக்களில் ஆடுவது கட்டாயமா, பெயர் வாங்குவது எப்போது பேசப்படும் என்று கேட்டுவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல ஆசிரியையும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கவும் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அன்றைக்கு ஆசிரியையை விட, நீண்ட நாள் கற்கும் மாணவிகளைப் பாருங்கள்: பல ஆண்டு கழித்தும் வருகிறார்களா, ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று.

என் ஞாயிறு வகுப்பில் சிலவற்றை மாற்றிவிட்டேன். முன்பு ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்களை வெளியே விளையாட விடுவேன். இப்போது எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அலாரிப்பு முடித்த பெரிய பெண்ணும் ஒவ்வொரு வாரமும் தட்டடவிலிருந்தே தொடங்குகிறாள், சின்னக் குழந்தைகளோடு ஒரே வரிசையில். அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது சின்னவர்களின் காலைத் திருத்துவது அவள்தான், என்னைவிடப் பொறுமையாகத் திருத்துகிறாள். நான் வராத வாரத்திலும் வகுப்பு நடக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நடக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கியோன் கார்னர் என்ற சிறிய அரங்கில் ஆண்டின் பெரும்பகுதி மைகோக்களின் சிறிய ஆட்டம் உண்டு, அறிமுகத்துக்கு அது போதும். முடிந்தால் ஏப்ரலில் மியாக்கோ ஒதோரிக்கே வந்துவிடுங்கள். 'மியாக்கோ ஒதோரி வா...' என்று ஒரு குரல் அழைக்க, 'யோய்யாசா' என்று பதில் சொல்லியபடி நீலக் கிமோனோப் பெண்கள் இரண்டு பக்க நடைமேடை வழியாகவும் வருவார்கள். சுமார் ஒரு மணி நேரம், காட்சி மாறினாலும் திரை விழாது. தேநீரோடு சேர்ந்த நுழைவுச்சீட்டு எடுத்தால், ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கெய்கோ தேநீர் கலக்குவதைப் பார்க்கலாம், இனிப்பு வைத்துத் தரும் சின்னத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வரிசைகளின் அமைப்பைப் பார்க்க மாடி இருக்கை நல்லது. நடனம் கற்கிறவராக இருந்தால் கீழே, நடைமேடைக்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து கால்கள் தெரியும்.